பாதை தேடிய சக்கரங்கள்: மலை மிதிவண்டியின் வரலாறு

மலை மிதிவண்டி என்பது தார்ச்சாலையை விட்டு விலகி, மண்ணும் கல்லும் வேரும் சேறும் நிறைந்த பாதைகளில் ஓட்டுவதற்கென்றே அமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். தடித்த முண்டுமுண்டான டயர்கள், நேரான அகன்ற கைப்பிடி, வலுவான பிரேக், ஏற்றத்தில் கைகொடுக்கும் சிறிய கியர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். இன்று நம் ஊர் சைக்கிள் கடைகளில் சிறுவர்களுக்கென விற்கப்படும் வண்டிகளில் பலவும் இதன் சாயலில்தான் வருகின்றன. அந்த வண்டிகளை ஓட்டும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலைப்பாதையைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தத் தடித்த டயருக்குப் பின்னால் ஒரு மலையும் சில இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் யாரோ ஒருவர் புதிய பாதை ஒன்றில் செல்ல ஆசைப்படுகிறார். கையில் இருக்கும் வண்டி அதற்குப் போதவில்லை. அவர் ஒரு விசித்திரமான வண்டியைக் கற்பனை செய்து, தானே செய்தும் பார்க்கிறார். பிறகுதான் தொழிற்சாலைகள் வருகின்றன. ஆனால் வண்டியை எவ்வளவு திருத்தினாலும் தீராத கேள்வி ஒன்றும் கூடவே வளர்ந்து வந்தது: அந்தப் பாதை யாருடையது?

முன்னோடிகள்

மிதிவண்டி பரவத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நல்ல சாலைகளே அரிது. ஆகவே கரடுமுரடான வழியில் ஓட்டுவது அன்று பொழுதுபோக்கு அன்று, வேறு வழியில்லாத நிலை. 1897ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க இராணுவத்தின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகருக்கு மிதிவண்டியிலேயே சென்றனர். ஏறத்தாழ 1,900 மைல், அதாவது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். மலையும் சேறும் மணலும் கடந்து 41 நாட்களில் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். குதிரைக்குப் பதிலாக மிதிவண்டி பயன்படுமா என்று அறியச் செய்யப்பட்ட சோதனை இது. பயணம் வெற்றி பெற்றும் இராணுவம் அந்த யோசனையைத் தொடரவில்லை.

சாலைகள் சீரானபின், சாலையை விட்டு விலகுவது ஒரு விருப்பமாக மாறியது. இங்கிலாந்தில் 'வழிப்போக்கர்' என்று பொருள்படும் புனைபெயரில் எழுதிவந்த டபிள்யூ. எம். ராபின்சன், 1919 மார்ச் மாதத்தில் வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலைகளைப் பனியினூடே மிதிவண்டியுடன் கடந்து, அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். அந்த மரபில் வந்தவர்கள் 1955இல் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். கரடுமுரடான பாதைகளில் செல்வதற்கென்றே அமைந்த அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அவர்கள் தனி வண்டி எதையும் கண்டுபிடிக்கவில்லை. சாதாரண மிதிவண்டியிலேயே போனார்கள். ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வண்டியையே மாற்ற முனைந்தவர்களும் இருந்தார்கள். 1951 முதல் 1956 வரை பாரிஸ் நகரின் புறப்பகுதியில் ஏறத்தாழ 20 இளைஞர்கள் கொண்ட குழு ஒன்று, 650பி எனப்படும் பிரெஞ்சு அளவுச் சக்கரங்கள் கொண்ட மிதிவண்டிகளைத் திருத்தி, காட்டு மேடுபள்ளங்களில் ஓட்டியது. 1953இல் கலிபோர்னியாவில் ஜான் ஃபின்லி ஸ்காட் என்ற மாணவர், தடித்த டயர், நேர்க் கைப்பிடி, கியர் மாற்றி, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஆகியவற்றை ஒரே வண்டியில் சேர்த்துத் தனக்கென ஒரு காட்டு மிதிவண்டியை அமைத்துக்கொண்டார். பின்னாளில் வந்த மலை மிதிவண்டியின் உறுப்புகள் யாவும் அதில் இருந்தன. அந்த ஆசையைப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டம் மட்டும் இல்லை. கூட்டம் சேர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

டமல்பைஸ் மலை

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, தங்கவாயில் பாலத்தைத் தாண்டினால் மரின் மாவட்டம். அங்கே கடலை ஒட்டி எழுகிறது டமல்பைஸ் மலை. உயரம் 784 மீட்டர். பெயரின் முற்பகுதியைக் கேட்டுத் தமிழோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் சொல். 'மேற்கு மலை' என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். மலைச்சரிவெங்கும் நடையர்களின் ஒற்றையடிப் பாதைகளும், காட்டுத்தீ எழுந்தால் வண்டிகள் செல்வதற்காக வெட்டப்பட்ட அகன்ற மண்பாதைகளும் உள்ளன.

1970களின் தொடக்கத்தில் இந்த மலையடிவார ஊர்களின் இளைஞர்கள் சிலர் பழைய மிதிவண்டிகளைத் தள்ளிக்கொண்டு மலையேறி, மண்பாதைகளில் உருண்டு இறங்கத் தொடங்கினர். அவர்களில் பலர் சாலைப் பந்தய வீரர்கள். பந்தய வண்டியின் மெல்லிய டயர் மலையில் நிற்காது. அதனால் பழைய பொருள் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்த 1930, 40களின் வண்டிகளை வாங்கினர். ஷ்வின் நிறுவனம் 1933இல் அறிமுகப்படுத்திய பருமனான பலூன் டயர் அவற்றில் இருந்தது. செய்தித்தாள் போடும் பையன்களுக்கென்று உறுதியாகச் செய்யப்பட்ட வண்டிகள் அவை. ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக், எருமை எடை. நாம் 'ஓட்டை சைக்கிள்' என்பதுபோல அவர்களும் அவற்றுக்குச் செல்லமாக ஒரு கேலிப்பெயர் வைத்திருந்தார்கள்: 'கிளங்கர்'.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு. 1974 டிசம்பரில் மரின் பகுதியில் நடந்த ஒரு மண்தரைப் பந்தயத்துக்கு, தெற்கே குபர்டினோவிலிருந்து 'மாரோ டர்ட் கிளப்' என்ற குழுவினர் வந்தனர். அவர்களுடைய பழைய வண்டிகளில் பல கியர்களும், கட்டைவிரலால் கியர் மாற்றும் விசைகளும் பொருத்தப்பட்டிருந்தன. அந்தக் குழு பிறகு பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் பார்த்தவர்களின் மனத்தில் விதை விழுந்துவிட்டது. கேரி ஃபிஷர் போன்ற மரின் இளைஞர்கள் தங்கள் வண்டிகளுக்கும் கியரும் நல்ல பிரேக்கும் பூட்டினர். தள்ளிக்கொண்டு ஏறிய மலையில் மிதித்தே ஏற முடிந்தபோது, அதுவரை போகாத பாதைகளெல்லாம் திறந்தன.

ரீபேக் பந்தயம்

யார் வேகமாக இறங்குவது என்ற வாய்ச்சண்டையைத் தீர்க்க ஒரு பந்தயம் வைத்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஒரு செங்குத்தான தீத்தடுப்புப் பாதையில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தூரத்தில் பாதை 400 மீட்டர் இறங்குகிறது. கீழே போய்ச் சேரும்போது பழைய வண்டிகளின் பின்சக்கர பிரேக் கொதித்து, ஹப்பின் உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போயிருக்கும். திரும்ப ஓட்டுவதற்குமுன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற சொல்லே பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராயிற்று.

முதல் பந்தயத்தில் ஆலன் பாண்ட்ஸ் வென்றார். பந்தயங்களை நடத்தியவர்களுள் முதன்மையானவர் சார்லி கெல்லி. 1984 வரை 24 பந்தயங்கள் நடந்தன. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியதே சாதனையாக நிலைத்தது. கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அந்த மண்பாதைக்கும் அந்த பிரேக்குக்கும் அது அச்சமூட்டும் வேகம். ஜோ பிரீஸ் இரண்டே வினாடி பின்தங்கினார். பெண்களில் வெண்டி கிராக் 5 நிமிடம் 27 வினாடியில் இறங்கினார். அந்தக் காலத்தின் படங்கள் நமக்குக் கிடைப்பதற்கு அவருடைய கேமராவே பெரிதும் காரணம்.

ரீபேக் வெறும் விளையாட்டாக முடியவில்லை. அது ஒரு சோதனைக்கூடமாகவும் இருந்தது. எந்தச் சட்டகம் முறிகிறது, எந்தக் கைப்பிடி வளைகிறது, எந்த பிரேக் தாங்குகிறது என்பதை அந்த 400 மீட்டர் இறக்கம் சில நிமிடங்களில் சொல்லிவிட்டது.

பழைய இரும்பிலிருந்து புதிய வண்டி

பழைய சட்டகங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. அவை இனி உற்பத்தியாகப் போவதும் இல்லை. சாலைப் பந்தய வண்டிகளுக்குச் சட்டகம் செய்யத் தெரிந்திருந்த ஜோ பிரீஸிடம் சார்லி கெல்லி ஒரு புதிய வண்டி கேட்டார். 1977 இலையுதிர் காலத்தில் 'பிரீஸர்' தயாரானது. குரோம் மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களால், மலைப்பாதைக்கென்றே புதிதாகச் செய்யப்பட்ட வண்டி அது. அடுத்த ஆண்டுக்குள் பிரீஸ் இவ்வகையில் 10 வண்டிகளைச் செய்து முடித்தார். முதல் வண்டி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

1979இல் டாம் ரிட்சி என்ற இளம் கைவினைஞர் செய்த சட்டகங்களைக் கொண்டு ஃபிஷரும் கெல்லியும் ஒரு சிறு வணிகம் தொடங்கினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மவுண்டன் பைக்ஸ்'. அந்தப் பெயரைத் தங்களுக்கே உரிமையாக்கிக்கொள்ள முயன்றனர். அது கைகூடவில்லை. அதனால்தான் ஒரு கடையின் பெயர் உலகெங்கும் ஒரு வண்டி வகையின் பொதுப்பெயராயிற்று. அவர்கள் விற்ற வண்டியின் விலை சுமார் 1,300 டாலர். அன்றைய மாணவர் எவரும் எட்டிப்பிடிக்க முடியாத தொகை.

விலையைக் கீழே கொண்டுவந்தது 'ஸ்பெஷலைஸ்டு' நிறுவனம். அதன் உரிமையாளர் மைக் சின்யார்ட் ரிட்சியின் வண்டிகளை வாங்கி ஆராய்ந்தார். அவரது நிறுவனம் 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியை ஜப்பானில் செய்வித்து 750 டாலருக்குக் கொண்டுவந்தது. 1982இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலை வண்டிக்கென்றே கியர், பிரேக் தொகுதியை வெளியிட்டது. அதன்பின் வளர்ச்சிக்குத் தடையில்லை. ஒரு குன்றில் சில நண்பர்கள் ஆடிய ஆட்டம் பத்தே ஆண்டுகளில் ஒரு தொழிலாகிவிட்டது.

இதே காலத்தில் கொலராடோ மாநிலத்தில் தனியாக ஒரு மரபு வளர்ந்துவந்தது. கிரெஸ்டட் பியூட் என்ற பழைய சுரங்க ஊரின் இளைஞர்கள் 1976 செப்டம்பரில், 3,870 மீட்டர் உயரமுள்ள பேர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பென் நகருக்கு ஓட்டை சைக்கிள்களில் சென்றனர். அண்டை ஊரின் மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்தக் கணவாயைத் தாண்டி வந்து பெருமை பேசியதற்குப் பதிலடியாகச் செய்த பயணம் அது. 1978இல் மரின் நண்பர்கள் தங்கள் புதிய வண்டிகளுடன் அங்கே போய்ச் சேர்ந்தபோது இரு குழுக்களும் முதன்முறையாகச் சந்தித்தன.

கனவு வண்டிகள்

பாதை மாறினால் வண்டியும் மாற வேண்டும் என்பதற்குப் பின்வந்த ஆண்டுகள் சான்று. இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவருக்கு வேகத்தில் நாட்டமில்லை. சேறும் ஈரமும் நிறைந்த ஆங்கிலேயக் காடுகளில் நிதானமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படாமல் செல்ல வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1970களின் இறுதியிலிருந்து, சேறு பட்டாலும் பிடிக்கும் டிரம் பிரேக்கும் ஃபின்லாந்தின் பனி டயரும் கொண்ட வண்டிகளை அவர் வடிவமைத்தார். 1980களின் முற்பகுதியில் கிளீலேண்டு என்ற பெயரில் அவை சிறிது காலம் விற்பனைக்கும் வந்தன. சந்தை கலிபோர்னிய வடிவத்தின் பின்னால் போய்விட்டது. பெரிய சக்கரம் கரடுமுரடான தரையில் எளிதாக உருளும் என்ற அவருடைய எண்ணம் மட்டும் பின்னால் உயிர்பெற்றது. 1999இல் 29 அங்குலச் சக்கரத்துக்கான மலை டயர் வெளிவந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி அந்த அளவுச் சக்கரத்தில் தங்கம் வென்றார். இரண்டாமிடம் பெற்ற சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் ஓட்டியது 650பி. பாரிஸ் இளைஞர்கள் 1951இல் தேர்ந்த அதே சக்கர அளவுதான்.

அலாஸ்காவின் பனி வேறொரு வண்டியைக் கேட்டது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டித் தடத்தில் 1987இல் மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. சாதாரண டயர் பனியில் கத்திபோல் இறங்கிவிடும். ஓட்டிகள் இரண்டு ரிம்களைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து அகலமாக்கிப் பார்த்தனர். எடை அகன்ற பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதனாலேயே. அதே காலத்தையொட்டி நியூ மெக்சிகோவின் மணலிலும் ரே மொலினா என்பவர் அகன்ற ரிம்களும் டயர்களும் செய்து ஓட்டிவந்தார். பனியும் மணலும் கேட்ட வண்டி ஒன்றேயாயிற்று. 2005இல் சர்லி நிறுவனத்தின் 'பக்ஸ்லி' வந்தபின் இவ்வகைக் கொழுத்த டயர் வண்டி கடைகளில் கிடைக்கலாயிற்று.

குலுக்கலைத் தாங்கும் முன்கவையும் அப்படித்தான் வந்தது. மோட்டார் சைக்கிள் துறையில் அனுபவம் பெற்ற பால் டர்னர் 1989இல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணெயும் காற்றும் அடைத்த அந்தக் கவையை முதலில் சிலர் தேவையற்ற சுமை என்றனர். மறுஆண்டு கொலராடோவின் துராங்கோ நகரில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியின் இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்டு அதைப் பொருத்திய வண்டியில் வென்றபின் அந்தப் பேச்சு அடங்கியது.

பாதை யாருடையது?

வண்டிகள் பெருகியபோது பாதையில் வழக்கும் பெருகியது. அமைதி தேடி நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். குருட்டு வளைவில் சத்தமின்றிப் பாய்ந்து வரும் சக்கரம் அவர்களை அச்சுறுத்தியது. அனுமதியின்றிப் புதுப்பாதை வெட்டியவர்களும் இருந்தார்கள். விளைவு, மலை மிதிவண்டி பிறந்த மரின் மாவட்டத்திலேயே அதற்குக் கதவு அடைபட்டது. டமல்பைஸ் மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டி தடைசெய்யப்பட்டது. அகன்ற தீத்தடுப்புப் பாதைகளில் மட்டும், மணிக்கு 15 மைல் வேக வரம்புடன், அனுமதி தரப்பட்டது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயல்நிலையில் காக்கப்படும் அமெரிக்க வனநிலங்களில் இயந்திரப் போக்குவரத்துக்கு இடமில்லை. மிதிவண்டியும் அதில் அடங்கும் என்று 1984இல் வனத்துறை தெளிவுபடுத்தியது.

தடைக்குள்ளான ஓட்டிகள் ஒருபுறம் வருந்தினாலும் மறுபுறம் அமைப்பாகத் திரண்டனர். 1988இல் கலிபோர்னியாவின் சில கழகங்கள் சேர்ந்து பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தைத் தொடங்கின. அதன் பாதை விதிகள் எளியவை: திறந்துள்ள பாதையில் மட்டும் ஓட்டு, தடம் பதிக்காதே, வண்டியைக் கட்டுக்குள் வை, பிறருக்கு வழிவிடு, விலங்குகளை மிரட்டாதே. வழிவிடும் கடமை வேறு நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிக்கு உரிமை தந்தபோது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் நிலத்தில் செல்லும் உரிமையை வழங்கியது.

பாதையைக் கெடுப்பது சக்கரமா, காலா, குளம்பா என்ற வாதமும் எழுந்தது. மொன்டானாவில் நடந்து 1994இல் வெளியான ஆய்வு ஒன்று, மண்ணை அதிகம் பெயர்ப்பது குதிரைக் குளம்புகளே என்று கண்டது. ஆயினும் பாதையின் முதல் எதிரி இவர்களில் எவரும் அல்லர், தண்ணீர்தான். சரிவில் நேராக இறங்கும் பாதை மழையில் ஓடையாகிவிடும். ஆகவே பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்ல வேண்டும். அதன் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால் நீர் குறுக்கே வழிந்துவிடும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பாதை அமைப்போரின் விதி. சரிவு 40 விழுக்காடு என்றால் பாதை 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பாதை முழுவதன் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டைத் தாண்டாமலிருப்பது நல்லது. வாரக் கடைசியில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தன்னார்வலர்கள் இவ்விதிகளின்படி பாதை வெட்டிப் பராமரித்த இடங்களில் அதிகாரிகளின் மனம் இளகியது. வேல்ஸின் கோய்ட் அ பிரெனின் காட்டில் 1990களில் மிதிவண்டிக்கென்றே திட்டமிட்ட பாதைகள் அமைந்தன. பின்னர் பல நாடுகள் அந்த முறையைப் பின்பற்றின.

இன்றைய நிலை

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. நெதர்லாந்தின் பார்ட் பிரெண்ட்ஜென்ஸும் இத்தாலியின் பவோலா பெட்சோவும் தங்கம் வென்றனர். முதல் ரீபேக் பந்தயத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள். இப்போது மின்மோட்டார் உதவும் மலை மிதிவண்டிகள் வந்துள்ளன. அவை மிதிவண்டியா, மோட்டார் வண்டியா, எந்தப் பாதையில் அவற்றுக்கு இடம் என்று மீண்டும் அதே வழக்கு நடக்கிறது. இம்முறை எதிர்த்து நிற்பவர்களில் பழைய மலை மிதிவண்டிக்காரர்களும் உண்டு. நேற்று தடுக்கப்பட்டவர் இன்று தடுப்பவராக நிற்பது வரலாற்றில் புதிதல்ல.

தொழில்நுட்பம் ஒவ்வொரு பாதைக்கும் ஏற்ற வண்டியைத் தந்துவிட்டது. சேற்றுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, செங்குத்து இறக்கத்துக்கு ஒன்று. எதிரே நடந்து வருபவருக்காக பிரேக்கைப் பிடிப்பது மட்டும் இன்றும் ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. மரின் மலையில் ஒற்றையடிப் பாதைகள் மூடப்பட்டதும், பிற இடங்களில் புதிய பாதைகள் திறந்ததும் அந்தக் கையைப் பொறுத்தே அமைந்தன.